அணுசக்தி நீர்மூழ்கி ஓட்டும் 12% இளைஞர்கள்?... ஆன்லைன் சர்வேயில் புகுந்த போலிகளைப் பிடிக்க முடியுமா?

அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் நடந்த ஓர் ஆன்லைன் சர்வேயில் வினோதமான கேள்வி ஒன்று இருந்தது. "அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 12% பேர் 'ஆமாம்' என்றார்கள்! உண்மையில் அப்படிப்பட்டவர்களின் விகிதம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

கேட்டது பியூ ஆய்வு மையம். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பதில் சொல்லி சன்மானம் வாங்கலாம் என்கிற சர்வேக்களில் எவ்வளவு குப்பை சேர்கிறது என்று பார்க்க வைத்த பொறி இது. பதில் சொன்னது காசுக்காக எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' தட்டிய மனிதரா, தானாக ஓடும் 'பாட்' நிரலா... அது கேட்டவருக்கே தெரியாது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. 2023 டிசம்பரில் எகனாமிஸ்ட் - யூகவ் கருத்துக்கணிப்பில், யூத இனப்படுகொலையே கட்டுக்கதை என்று 20% அமெரிக்க இளைஞர்கள் சொன்னதாக வந்த முடிவு பெரும் பரபரப்பைக் கிளப்பியது. வீட்டு முகவரிகளைக் குலுக்கல் போல எடுத்து, கடிதம் போட்டுச் சேர்த்தவர்களிடம் பியூ அதே கேள்வியைக் கேட்டது. கிடைத்த விடை 3%.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

நடுவில் "இந்தக் கேள்விக்கு மூன்றாவது விடையை மட்டும் தேர்வு செய்யவும்" என ஒரு வரி வரும். படிக்காமல் தட்டுபவர் மாட்டிக்கொள்வார். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை மறைத்து வைப்பார்கள். அதை நிரப்பினால் அது பாட். 20 நிமிட சர்வேயை 3 நிமிடத்தில் முடித்தவர், ஒரே ஐபி முகவரியில் இருந்து வந்த பல பதில்கள், எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை... இவையும் கழிக்கப்படும்.

இதெல்லாம் நேற்று வரை சரி.

99.8% பாஸ்!

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் ஷான் வெஸ்ட்வுட், சர்வேக்குப் பதில் சொல்லும் ஏஐ நிரல் ஒன்றை உருவாக்கி, 2025 நவம்பரில் பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். வயது, படிப்பு, ஊர் என ஒரு ஆளையே அது ஜோடித்துக்கொள்கிறது. அந்த ஆளின் படிப்புக்கு ஏற்ற நேரம் எடுத்து 'வாசிக்கிறது'. மவுஸை மனிதர் போல நகர்த்துகிறது. டைப் அடிக்கும்போது தப்பு விட்டு, அழித்துத் திருத்துகிறது! சுமார் 6,000 முறை வைத்த கவனச் சோதனைகளில் 99.8% பாஸ். இயந்திரத்துக்கு மட்டுமே ஈஸியான கேள்வி கேட்டால், 'எனக்குத் தெரியாதே' என்று நடிக்கவும் செய்கிறது.

கவனமில்லாத மனிதரைப் பிடிக்க வைத்த பொறியில், கவனமான இயந்திரம் எப்படிச் சிக்கும்?

செலவு ஒரு பதிலுக்கு சுமார் 5 சென்ட்தான். சர்வேயில் மனிதருக்குக் கிடைக்கும் தொகை 1.50 டாலர் அளவில். மிச்சமெல்லாம் லாபம். 2024 அதிபர் தேர்தலுக்கு முந்தைய 7 முக்கிய தேசியக் கணிப்புகளையும் வெஸ்ட்வுட் எடுத்துப் பார்த்தார். கணிப்பைப் பொறுத்து, வெறும் 10 முதல் 52 போலிப் பதில்கள் கலந்தாலே 'யார் முன்னிலை' என்பது மாறிவிடும் எனத் தெரியவந்தது.

சல்லடையை இறுக்கினால்?

நிஜ மனிதர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். ஒரே ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் மாணவர்களுக்கு ஐபி ஒன்றுதான். மொபைல் டேட்டாவிலும் பலர் ஒரே ஐபியைப் பகிர்கிறார்கள். பார்வையற்றவரின் திரை வாசிப்பான், சரியாக மறைக்கப்படாத அந்தக் கட்டத்தையும் வாசித்துக் காட்டிவிடலாம். அவர் நம்பி நிரப்பினால், அவரும் 'பாட்' ஆகிவிடுவார். பஸ்ஸில் நின்றபடி டக்குடக்கென்று தட்டியவர் கதையும் அதுதான்.

அதனால் பதிலை நோண்டுவதை விட, பதில் சொல்பவர் யார் என்பதை முதலிலேயே உறுதி செய்வதுதான் பலன் தரும். பியூ செய்வது போல முகவரிக்குக் கடிதம் போட்டு அழைத்தால், எங்கிருந்தோ ஒரு பாட் தானாக வந்து சேர முடியாது. ஆனால் செலவும் நேரமும் பல மடங்கு. இவ்வளவும் செய்து பிடித்த அந்த நிஜ மனிதர், சோம்பல்பட்டு கேள்வியை சாட்பாட்டிடம் கொடுத்து விடை வாங்கி ஒட்டினால்? அதற்கு இன்னும் உறுதியான வடிகட்டி கிடையாது.