சலங்கைக்குச் சிறப்பு, தாளத்துக்கு?

நம் நாட்டு ஆடற்கலைஞர்கள் கடல் கடந்து செல்கிறார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆடுகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அக்கலையை ஆராய்ந்து பட்டம் பெறுகிறார்கள். மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்: இந்தச் சிறப்பில், பின்னிருந்து உழைத்தவரின் பங்கு எங்கே?

ஆடல் கடல் கடந்தது இன்று நேற்றல்ல. 1838-ஆம் ஆண்டிலேயே புதுச்சேரி வட்டாரத்து ஆடல் மகளிர் ஐவரும் இசைக்காரர் மூவரும் பாரிசிலும் லண்டனிலும் மேடையேறினார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் பிரெஞ்சுச் சிற்பி ஒருவர் வெண்கலத்தில் வடித்தார். ஆனால் காட்சிக்கு அழைத்தார்களே ஒழிய, கற்பிக்க அழைத்தார்களா?

கற்பிக்க அழைக்கும் நாளைக் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையின் மாணவி. 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். 1961-இல் டோக்கியோ, 1962-இல் அமெரிக்கா, 1963-இல் எடின்பரோ விழா என்று உலகை வலம் வந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவர் மட்டுமா? தம்பி ரங்கநாதன் அங்கே மிருதங்கம் கற்பித்தார். இன்னொரு தம்பி, புல்லாங்குழல் விசுவநாதன், அங்கேயே 1975-இல் முனைவர் பட்டம் பெற்றார், ஆசிரியராகவும் விளங்கினார். சலங்கையோடு குழலும் மிருதங்கமும் வகுப்பறைக்குள் நுழைந்தன. அதுவல்லவா முறை!

எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படி வாய்த்ததா? இல்லை. பொட்டுக்கட்டும் கொடுமையை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஒழியவேண்டிய கொடுமைதான் அது. ஆனால் அந்தக் குடும்பங்களின் கையிலிருந்த கலையும் மெல்ல நழுவியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மேடையேறினார்கள். அவர்களுக்கு அடவு சொல்லித் தந்தவர்கள் யார்? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள்! இன்று உலகமெங்கும் ஆடப்படும் நிகழ்ச்சி வரிசையை வகுத்தவர்கள் யார்? தஞ்சை நால்வர்!

இன்றைய நிலை என்ன? ஆடுபவர் விமானம் ஏறுகிறார். செலவு மிகுதி என்று சொல்லி, நட்டுவனாரும் பாடகரும் இருக்கவேண்டிய இடத்தில் பல நேரங்களில் ஒலிப்பதிவை வைத்துவிடுகிறார்கள். ஒருமுறை வாங்கிய கூலிக்கு அவர்களுடைய குரல் ஊர் ஊராக உழைக்கிறது!

“கலை தெய்வீகமாயிற்றே, அதில் கூலி பேசலாமா?” என்பார் சிலர். அரங்க வாடகையைத் தெய்வீகத்தால் கட்டிவிட முடியுமா? விமானச் சீட்டு தெய்வீகத்துக்குக் கிடைக்குமா? மிருதங்கக்காரர் வீட்டு அடுப்பு மட்டும் தெய்வீகத்தில் எரியவேண்டுமோ!

1950-இல் அமைந்த இந்தியக் கலாசார உறவுகள் மன்றம் வெளிநாடுகளுக்குக் கலைக்குழுக்களை அனுப்புகிறது. அது மக்கள் வரிப்பணம். ஆகவே கேட்கிறோம்: அரசுச் செலவில் செல்லும் ஒவ்வொரு குழுவிலும் பக்கக் கலைஞரின் ஊதியம் ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். அறிவிப்புத் தாளில் அவர் பெயரும் இடம்பெறவேண்டும். ஒலிப்பதிவு ஓடும் ஒவ்வொரு மேடைக்கும் அவருக்குப் பங்கு சேரவேண்டும். ஆராய்ச்சி உதவித்தொகையில் நட்டுவனார் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்.

தறியில் நின்றவனுக்கும் ஆலையில் நின்றவனுக்கும் தெரிந்த நியாயம் இது. உழைத்தவன் பெயரை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் புகழ்வது புகழ்ச்சியாகாது. சலங்கைக்கு மாலை விழட்டும்; தாளம் பிடித்த கைக்கு உரியது வந்து சேரட்டும்!