கத்துகின்ற பிறேக்கும் ‘இது வழமையானதுதான்’ என்ற பதிலும்

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைகளில் அரசியலையே எழுதிவந்த ஒருவன் திடீரென மோட்டார் வாகனத்தின் பிறேக்கைப் பற்றி எழுதப் புகுந்தால், எழுதுவதற்கு நாட்டில் வேறு விடயங்கள் இல்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் கடந்த சில வாரங்களில் எனது குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதனை எழுதும்படி என்னை நிர்ப்பந்திக்கிறது.

வெள்ளவத்தையில், கடற்கரையை அண்டிய மரைன் டிரைவ் பகுதியில் வசிக்கும் எனது மைத்துனர் சென்ற 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு சொகுசு ஜீப் வாங்கினார். எஸ்.யூ.வி. என்று உலகம் சொல்வதை நாம் இன்னமும் ஜீப் என்றே சொல்கிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து வருடங்கள் காத்திருந்து, வரிகளையும் கட்டி, ஒரு வீட்டின் விலையைக் கொடுத்து வாங்கிய ஜப்பானியத் தயாரிப்பு அது. பெற்றோலிலும் மின்கலத்திலும் ஓடுகின்ற ஹைபிரிட் வகையைச் சேர்ந்தது. பதினெட்டாயிரம் கிலோமீற்றர் ஓடுவதற்குள் அதன் பிறேக் கத்தத் தொடங்கிவிட்டது.

மைத்துனரைப் பீடித்தது அச்சம் அல்ல, வெட்கம். பழைய பஸ் வண்டி கத்தினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோடிகள் பெறுமதியான வாகனம் காலி வீதியின் சமிக்ஞை விளக்கருகே கிறீச்சிட்டு நின்றால், நடைபாதையில் வடை விற்பவர் கூட நிமிர்ந்து பார்க்கிறார். “அத்தான், பிறேக் நல்லாய்த்தான் பிடிக்குது. இந்தச் சத்தத்தை மட்டும் நிப்பாட்டிப்போட்டால் காணும்” என்றார் என்னிடம். அந்த ஒரு வாக்கியத்தில்தான் பிரச்சினையே இருக்கிறது என்பது எனக்கும் அப்போது விளங்கவில்லை.

பிறேக் ஏன் கத்துகிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கின்ற இரும்புத் தட்டை இரு பக்கத்திலிருந்தும் இரண்டு பாட்கள் அழுத்திப் பிடிப்பதே டிஸ்க் பிறேக்கின் செயற்பாடு. பிடிப்பதும் வழுக்குவதும் ஒரு செக்கனுக்குள் ஆயிரக்கணக்கான தடவைகள் மாறிமாறி நிகழும்போது தட்டும் பாட்டும் அதிரத் தொடங்குகின்றன. வயலின் நரம்பின் மீது வில் உரசும்போது நிகழ்வதும் இதுவே. சங்கீதம் மட்டும் இல்லை. நிறை கூடிய ஜீப்களுக்குப் பெரிய தட்டுகளும் கடினமான பாட்களும் தேவைப்படுவதால் கத்துவதற்கான வாய்ப்பும் அவற்றில் அதிகம். 2,400 கிலோகிராம் நிறையுள்ள வாகனம் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறேக்குகள் உள்வாங்கும் வெப்பத்தைக் கொண்டு மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு தடவை நிற்பதற்கே அவ்வளவு.

ஹைபிரிட் வாகனங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெதுவாகப் பிறேக்கை அழுத்தும்போது வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மின் மோட்டார்தான். அந்தச் சக்தி மின்கலத்துக்குத் திரும்பிப் போகிறது. பாட்களுக்கு வேலை குறைவு. வேலையற்ற இரும்பு துருப்பிடிக்கும். அதிலும் மரைன் டிரைவ் உப்புக்காற்றில் இரவு முழுவதும் நிற்கின்ற வாகனத்தின் தட்டில் விடியும்போது மெல்லிய துருப்படலம் இருக்கும். காலையில் முதல் இரண்டு மூன்று தடவைகள் கிறீச்சிட்டுப் பின்னர் அடங்கிவிடுகின்ற சத்தம் இந்த வகையினது. இதையிட்டு யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

மைத்துனரின் வாகனத்தில் கேட்டது அதுவன்று. பிறேக்கை அழுத்தாமல் மெதுவாக உருண்டு செல்லும்போதும் அந்தச் சத்தம் கேட்டது, அழுத்தும்போது மாறியது. நாள் முழுவதும் கேட்டது. இந்த வேறுபாட்டை எங்களுக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

விற்பனை முகவரின் சேவை நிலையத்துக்கு வாகனம் கொண்டுபோகப்பட்டது. பெயரைத் தவிர்த்துக் கொள்கிறேன். குளிரூட்டப்பட்ட மண்டபம், கோப்பி, பத்திரிகைகள். அரைமணி நேரத்தின் பின்னர் கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் வந்து, பாட்கள் எட்டு மில்லிமீற்றர் இருக்கின்றன, புதியவையே பத்து மில்லிமீற்றர்தான், இது வழமையான சத்தம், இந்த ரக வாகனங்களில் எல்லாம் இருப்பதுதான் என்று பணிவோடு கூறினார். பணிவில் எந்தக் குறையும் இல்லை.

திருப்தியடையாத மைத்துனர் நகரில் வேறொரு கராஜை நாடினார். அங்கே கிடைத்த யோசனை இன்னும் அபாயகரமானது. பாட்டிலே ஒரு சிறு உருக்குத் தகடு இருக்கிறது, அதுதான் உரசுகிறது, அதை வெட்டிவிட்டால் சத்தம் அடங்கிவிடும் என்றார்களாம். கூலியும் அதிகமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு நுவரெலியா போவதற்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த மைத்துனர் அதற்கு அநேகமாகச் சம்மதித்தும் விட்டார்.

அந்தச் சிறு தகடு அங்கே தற்செயலாக இருப்பதல்ல. பாட் தேய்ந்து ஏறத்தாழ இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு இறங்கும்போது தட்டில் உரசிக் கத்த வேண்டும் என்பதற்காகவே தயாரிப்பாளர் அதைப் பொருத்தியிருக்கிறார். பல ஐரோப்பிய வாகனங்களில் அதற்குப் பதிலாக ஒரு மின்கம்பி உணரி இருக்கும். கம்பி தேய்ந்தறும்போது சாரதியின் முன்னால் ஒரு விளக்கு எரியும். ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் விளக்குக்குப் பதில் இந்தக் கத்தல். அதை வெட்டுவது, வீட்டு நாய் இரவிலே குரைக்கிறது என்பதற்காக அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவதற்கு ஒப்பானது.

பிறேக்கின் சத்தத்தை விலைகொடுத்து அடக்கிய கதை பழையது. பிரித்தானியாவின் பிரெடெரிக் லான்செஸ்ரர் 1902 இல் டிஸ்க் பிறேக்குக்கு உரிமம் பெற்றபோது உரசுவதற்குச் செம்பைப் பயன்படுத்தினார். அது சகிக்க முடியாதவாறு கத்தியது. சில வருடங்களின் பின்னர் ஹேர்பேர்ட் ஃபுரூட் என்பவர் அஸ்பெஸ்டஸ் கலந்த உறையைக் கொண்டு அந்தச் சத்தத்தை அடக்கினார். வாகனத் தொழில் அதைக் கொண்டாடியது. அதன் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரல்களில் புற்றுநோய் வளர்ந்ததை ஒப்புக்கொள்ளப் பல தசாப்தங்கள் சென்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் அஸ்பெஸ்டஸ் முற்றாக விலக்கப்பட்டது 2005 இல்தான். நமது நாட்டில் எத்தனையோ வீடுகளின் கூரைகளில் அது இன்னமும் இருக்கிறது. அதைப்பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும்.

பயணத்துக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், பஞ்சிகாவத்தையில் எனக்கு நீண்டகாலமாகத் தெரிந்த ஒரு நானாவிடம் மைத்துனரை வலிந்து கூட்டிச்சென்றேன். அவரது கராஜில் மண்டபமும் இல்லை, கோப்பியும் இல்லை. சத்தத்தைக் கேட்பதற்காக வாகனத்தை ஐம்பது யார் உருட்டச் சொன்னார். பின்னர் நான்கு சக்கரங்களையும் கழற்றினார்.

இடது பின் சக்கரத்தின் வெளிப்பக்கப் பாட் உண்மையிலேயே எட்டு மில்லிமீற்றர் இருந்தது. உட்பக்கப் பாட் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு.

கலிப்பர் தாராளமாக முன்பின் வழுக்கிச் செல்ல வேண்டிய ஊசிகள் இரண்டில் ஒன்று துருவேறி இறுகிப் போயிருந்தது. பிஸ்டன் உட்பக்கத்தில் இருப்பதால், கலிப்பர் வழுக்காதபோது உட்பக்கப் பாட் மாத்திரமே தட்டை அழுத்துகிறது. விட்டபின்னும் முழுமையாக விலகுவதில்லை. சேவை நிலைய இளைஞர் பொய் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றாமல், அதன் கம்பிகளுக்கிடையால் மின்சூளை அடித்து, கண்ணுக்குத் தெரிந்த பாட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். “வீலைக் கழட்டாம பிறேக் பாத்தேன்னு ஆரும் சொன்னா நம்பாதீங்க சேர்” என்றார் நானா, எந்தக் கோபமும் இல்லாமல்.

அந்தப் பாட்டுடன் கண்டியைத் தாண்டி நுவரெலியா ஏறியிருக்கலாம். றம்பொடை வளைவுகளால் இறங்கும்போது என்ன நடந்திருக்கும் என்பதை நான் கற்பனை செய்ய விரும்பவில்லை. பின் ஆசனத்தில் இரண்டு பிள்ளைகள்.

நானா செய்த வேலை பெரிதல்ல. பின்பக்கப் பாட்களை இரண்டு சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்றினார்; ஒரு பக்கத்தை மாத்திரம் மாற்றினால் வாகனம் சமமாக நிற்காது. தயாரிப்பாளரின் அசல் பாட்களையே போட்டார். ஊசிகளைச் சுத்தம் செய்து வெப்பம் தாங்கும் கிறீஸ் பூசினார். மின் கைப்பிறேக் உள்ள வாகனம் என்பதால் பின் கலிப்பரைக் கணினிக் கருவியால் சேவை நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே பிஸ்டனைப் பின்தள்ளினார். பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் உடைந்துவிடுமாம். மறுநாள் அதிகாலையில், வெறுமையான வீதியில், மணிக்கு ஐம்பது கிலோமீற்றரிலிருந்து பத்து வரைக்கும் முழுதாக நிறுத்தாமல் பத்துத் தடவைகள் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். புதிய பாட் தட்டோடு இசைவாவதற்கு அது அவசியம். இதைச் செய்யாமையால் கத்துகின்ற புதிய பாட்களும் ஏராளம்.

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கின்ற வாசகர்களுக்கு இது அந்நியமான கதையாக இராது. பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகின்ற உப்பு, எங்கள் கடற்காற்று செய்வதை இன்னும் வேகமாகச் செய்யும்.

எனது கருத்து இதுதான். ‘வழமையானது’ என்ற சொல்லை ஒரு சேவை நிலையம் பாவிப்பதற்கு முன்னர் அளந்திருக்க வேண்டும். நான்கு சக்கரங்கள், உள்ளும் வெளியுமாக எட்டுப் பாட்கள், எட்டு இலக்கங்கள். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவதற்கு அரைமணி நேரம் கூடுதலாகச் செல்லும், அவ்வளவே. பாட் தேய்வுப் பொருள், உத்தரவாதத்தில் அடங்காது என்று கூறுவார்கள், சரி. ஊசி இறுகியது தேய்வு அல்லவே? வாடிக்கையாளரும் சும்மா இருக்கலாகாது. சத்தத்தை நிறுத்தித் தாருங்கள் என்று கேட்பவருக்குச் சத்தத்தை நிறுத்தித் தருவார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்குத்தான் சக்கரத்தைக் கழற்றுவார்கள். வாகனத்தின் விலை அதிகமென்பதால் அதைப் பார்ப்பவரின் கவனமும் அதிகமாக இருக்கும் என்று நம்புவது எங்கள் பேதைமை.

நுவரெலியாப் பயணம் ஒரு வாரம் தாமதித்து நடந்தது. மைத்துனர் தேய்ந்த பாட்டை ஒரு பொலித்தீன் பையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அதன் படத்தை இணைத்து, எட்டு மில்லிமீற்றர் என்று எந்தப் பாட்டை அளந்தீர்கள் என்று கேட்டு முகவருக்கு ஒரு கடிதமும் எழுதினார். கடிதத்தைத் திருத்திக் கொடுத்தது நான். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அதன் பிரதி போகும். இன்றோடு மூன்று வாரங்கள்.