மூன்றாம் காலம்

கச்சேரியில் பல்லவி நடந்துகொண்டிருக்கிறது. வித்வான் முதல் காலத்தில் நிதானமாகப் பாடினார். இரண்டாம் காலத்துக்குப் போனார். இப்போது மூன்றாம் காலம். தாளம் என்னவோ அதே தாளம்தான். ஒரு தட்டுக்குள் அடங்கவேண்டிய எழுத்துக்கள்தான் பெருகிவிட்டன. சபையே நிமிர்ந்து உட்காருகிறது. அந்த வேகத்தில் வித்வான் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டால் பத்துப் பேருக்கு ஒருவருக்குக்கூடத் தெரியாது. கரகோஷம் வானைப் பிளக்கும்.

கம்ப்யூட்டருக்கும் மூன்றாம் காலம் உண்டு என்பது நேயர்களுக்குத் தெரியுமா? போன கோடை வரையில் எனக்குத் தெரியாது. என் அக்காள் மகன் தெரியவைத்தான்.

பையன் என்ஜினீயரிங் படிக்கிறான். கடையில் தயாராக விற்கும் கம்ப்யூட்டர் அவனுக்குப் பிடிக்காது. ரிச்சி தெருவில் நாலு நாள் அலைந்து, சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வந்து, கூடத்தில் பரப்பி, தானே பூட்டினான். பெட்டி உயிர் பெற்றது. அதோடு விட்டானா? "மாமா, இதை ஓவர்கிளாக் செய்யப் போகிறேன்!" என்றான்.

"அப்படியென்றால்?" என்று கேட்டேன். கேட்டது என் தவறு; ஒரு மணி நேரம் விளக்கினான். நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் தாளம் போடுகிறது. அதிலிருந்து கிடைக்கும் அடிப்படைத் தாளம் விநாடிக்குப் பத்துக் கோடித் தட்டு. அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். பிராஸஸர் அதை 42 மடங்காகப் பெருக்கிக்கொண்டால் 4.2 கிகாஹெர்ட்ஸ். இந்த 42 என்ற எண்ணை 48 ஆக மாற்றிவிட்டால் 4.8. தாளம் அதே, காலம் வேறு. இதுதான் ஓவர்கிளாக்கிங்.

"அந்த வேகத்தைக் கம்பெனிக்காரனே கொடுத்திருக்கலாமே?" என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஒரே தகட்டில் அச்சாகும் சில்லுகள் எல்லாம் ஒரே திறமை உள்ளவை அல்ல. ஒவ்வொன்றையும் சோதித்து, "இந்த வேகத்தில் நிச்சயம் ஓடும்" என்று முத்திரை குத்துகிறார்கள். வெயிலிலும் புழுக்கத்திலும் பல வருஷம் பிசகாமல் ஓட வேண்டுமே என்று கொஞ்சம் தாராளமாக இடைவெளி விடுகிறார்கள். சில சமயம் மலிவுச் சரக்குக்குக் கிராக்கி அதிகமாகிவிட்டால், நல்ல சில்லுக்கே குறைந்த முத்திரை விழுந்துவிடுவதும் உண்டு.

இதற்குப் பிரசித்தி பெற்ற உதாரணம் 1998 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி வெளியிட்ட ஸெலரான் 300ஏ. எழுதியிருந்த வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். விலை 149 டாலர். அதே மாதம் வந்த அண்ணன்காரர் பெண்டியம் 2-க்கு வேகம் 450; விலை 669 டாலர்! ஸெலரானில் நாலரை என்ற பெருக்கும் எண்ணைப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் தாளத்துக்குப் பூட்டு இல்லை. 66 என்று போட்ட தாளத்தை 100 ஆக்கினார்கள் பிள்ளைகள். நாலரை நூறு எவ்வளவு? 450! சில பலகைகளில் அதற்குச் செய்யவேண்டியதெல்லாம், சில்லு அட்டையின் தொடுமுனைகளில் ஒன்றை ஒட்டுத்தாளாலோ நகப்பூச்சாலோ மறைப்பதுதான். நகப்பூச்சு ஐந்நூறு டாலரை மிச்சம் பிடித்தது! எல்லா ஸெலரானும் இதற்கு ஈடு கொடுக்கவில்லை என்றாலும் ஏராளமானவை கொடுத்தன. உலகமெங்கும் வீட்டில் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களுக்கு அது ஒரு பொற்காலம்.

இன்று அந்த யோகம் குறைவு. நல்ல குளிர்ச்சி இருந்தால் பிராஸஸர் தானாகவே முடிந்த மட்டும் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. நாம் மேலே பிழிந்தெடுப்பது சொற்பம். அந்தச் சொற்பத்துக்கும் விலை உண்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் மின்சாரச் செய்தி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஒன்று சைபராகும், சைபர் ஒன்றாகும். செய்தியை விரட்ட வேண்டுமென்றால் மின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தத்தைப் பத்துச் சதவிகிதமும் வேகத்தைப் பத்துச் சதவிகிதமும் கூட்டினால், உஷ்ணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சென்னையில் மே மாதம் வேறு! விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறைக்காற்றைத்தானே வீசும்?

என் மருமான் இதற்கெல்லாம் அசருகிறவனா? பெரிய விசிறி வாங்கினான். 48 என்று மாற்றினான். பத்து நிமிஷம் சோதனை ஓட்டம் விட்டான். பெட்டி அசையவில்லை. "பார்த்தீர்களா மாமா!" என்றான். நானும் கைதட்டினேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்காளின் டெலிபோனில் இடம் நிரம்பிவிட்டது. அதில் எங்கள் அம்மா பாடிய பதினான்கு பாட்டுக்கள் பதிவாகி இருந்தன. ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, தாலாட்டு. அம்மாவுக்கு அவளுடைய பாட்டி சொல்லிக் கொடுத்தவை. யாரும் எழுதி வைத்ததில்லை. பையன் அவற்றைத் தன் பெட்டிக்கு மாற்றி, சுருக்கி, ஒரே கட்டாகக் கட்டி வைத்தான். டெலிபோனைத் துடைத்துச் சுத்தமாக்கியும் கொடுத்தான்.

இரண்டு மாதம் கழித்து உறவில் ஒரு கல்யாணம். ஊஞ்சல் பாட்டு வேண்டியிருந்தது. கட்டை அவிழ்த்தான். பன்னிரண்டு பாட்டுக்கள் வந்தன, இரண்டு வரவில்லை. கணக்கு ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. வேகத்தைப் பழையபடி 42-க்கு இறக்கிப் பார்த்தான். பிரயோஜனம் இல்லை. பிசகு அவிழ்ப்பதில் இல்லை. கட்டும்போதே எங்கோ ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறது. பெட்டி நின்றிருந்தால், புகைந்திருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும். அது நிற்கவில்லை, சிரித்த முகத்தோடு தப்பாகப் பாடியிருக்கிறது.

ஆகவே, வீட்டில் இந்த விளையாட்டு விளையாடும் பிள்ளைகள் இருந்தால், அவர்களைத் தடுக்க வேண்டாம். இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். பத்து நிமிஷ ஓட்டம் சோதனை ஆகாது. பிரைம்95 போல, விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, ராத்திரி முழுவதும் போடவைத்துச் சரிபார்க்க வேண்டும். மெமரியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். அப்படித் தேறினாலும் திரும்பக் கிடைக்காத எதையும் அந்தப் பெட்டியை மட்டும் நம்பி வைக்கக் கூடாது. நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூலத்தை அழிக்கலாம்.

அம்மாவை மறுபடி பாடச் சொன்னோம். எண்பத்தாறு வயது. உட்கார்ந்து பாடினாள். தாலாட்டு முழுசாக வந்தது. ஊஞ்சல் பாட்டில் மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். விரல் விட்டு எண்ணினாள், கண்ணை மூடிக்கொண்டாள். "வந்துவிடும், வந்துவிடும்" என்றாள். இன்னும் வரவில்லை.

பேரனை அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "வேகம் வைத்தாயே, அதனால் எவ்வளவு மிச்சம்?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டு நிமிஷ வேலை ஏழு நிமிஷத்தில் முடியும், பாட்டி."

"சரி, அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்னடா செய்தாய்?"

பையன் என்னைப் பார்த்தான். அன்றைக்குக் கைதட்டிய ஆசாமி நான். என்னிடமும் பதில் இல்லை.