மூன்றாவது கையொப்பம்

நுழையும்முன்

காடுகளைக் காக்கும் பொறுப்பை அரசும் தனியார் நிறுவனங்களும் இணைந்து ஏற்கும் கூட்டாண்மை முறை உலகெங்கும் பரவிவருகிறது. சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோ விளையும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் விடுபட்டுப்போனவர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உலகில் விளையும் கொக்கோவில் பாதிக்கும் மேற்பட்டதை ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளே தருகின்றன. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்தவை அவை. அங்குக் கொக்கோ பயிரிடுவோர் பெருநிலக்கிழார் அல்லர். சில ஹெக்டேர் நிலத்தை மட்டுமே உடைய குடும்பத்தினர். அந்நாடுகளில்தான் கடந்த அறுபது ஆண்டுகளில் மழைக்காடுகள் மிக விரைவாக அழிந்தன. 1960இல் விடுதலை பெற்றபோது ஐவரி கோஸ்ட்டில் இருந்த காடுகளுள் பெரும்பகுதி இன்று இல்லை. எஞ்சியவற்றுள் பெரியது தாய் தேசியப் பூங்கா. கல்லைக் கருவியாகக் கொண்டு கொட்டைகளை உடைத்துத் தின்னும் சிம்பன்சிகள் வாழும் காடு அது. 1982இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கொக்கோ பெருகியதும் காடு அருகியதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

நிழலில் பிறந்த பயிர்

கொக்கோ, அமேசான் படுகைக்கு உரிய மரம். ஓங்கி வளர்ந்த மரங்களின் நிழலில், ஈரம் காயாத மண்ணில் தாழ்ந்து வளர்வது அதன் இயல்பு. அடிமரத்திலேயே பூத்துக் காய்ப்பதால், பலாவை அறிந்த தமிழருக்கு அதன் தோற்றம் வியப்பளிக்காது. காயை உடைத்து, வெண்ணிறச் சதை சூழ்ந்த விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடிச் சில நாள் புளிக்கவிட்டு, வெயிலில் உலர்த்திய பின்னரே அது விற்பனைக்கு உரியதாகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராகச் செழிப்பதற்கும் அதன் நிழல் விருப்பமே காரணம்.

நிழலை விரும்பும் பயிர், நிழல் தரும் காட்டை ஏன் அழித்தது? விடை மண்ணில் இருக்கிறது. புதிதாக வெட்டி எரித்த காட்டு நிலத்தில் இலைமக்கு நிறைந்திருக்கும். களையும் நோயும் குறைவாக இருக்கும். உழவர் மிகுந்த செலவின்றி நல்ல விளைச்சல் காண்பார். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் மரம் மூப்படையும், மண்ணும் மெலியும். அதே நிலத்தில் மீண்டும் கன்று நட்டுத் தேற்றுவதற்கு உரம் வேண்டும், ஆட்கூலி வேண்டும், காய்ப்புக்கு வரும்வரை சில ஆண்டுகள் வருவாயின்றிக் காத்திருக்கும் வலிமையும் வேண்டும். பக்கத்துக் காட்டைத் திருத்துவதற்கோ வெட்டுக்கத்தியும் நெருப்பும் போதும். காடு விலையின்றி வழங்கும் இந்த ஊதியத்தைப் பிரெஞ்சு வேளாண் பொருளியலாளர் பிரான்சுவா ரூஃப் ‘காட்டு வாடகை’ என்னும் கருத்தால் விளக்கினார். உழவரின் பேராசையே காட்டை அழித்தது என்று கூறுவது எளிது. அவருடைய வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்த்தவர் அவ்வாறு கூறத் தயங்குவர்.

அரசும் இவ்வழியையே காட்டியது. நிலத்தைத் திருத்திப் பயன்கொள்வோருக்கே அந்நிலம் உரியது என்பது ஐவரி கோஸ்ட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஊஃபுவே பொய்ஞியின் கொள்கை. அதனை நம்பி, அந்நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் புர்கினா ஃபாசோ, மாலி ஆகிய அண்டை நாடுகளிலிருந்தும் மக்கள் பெருந்திரளாகக் காட்டுப் பகுதிகளுக்கு வந்தனர். 1970களின் இறுதியில் ஐவரி கோஸ்ட், கானாவை விஞ்சி, உலகின் முதன்மையான கொக்கோ விளைவிக்கும் நாடாயிற்று.

பான் நகரில் எழுந்த உடன்படிக்கை

2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், உலகின் முன்னணிக் கொக்கோ, சாக்லேட் நிறுவனங்கள் பன்னிரண்டு இலண்டனில் கூடி, காடழிப்பை நிறுத்த இணைந்து செயற்படுவதாக அறிவித்தன. அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடைபெற்ற காலநிலை மாநாட்டின்போது, இரு நாட்டு அரசுகளும் நிறுவனங்களும் செயல்திட்டங்களை ஏற்றுக் ‘கொக்கோ – காடு முனைப்பு’ என்னும் கூட்டாண்மையை உருவாக்கின. இனி எந்தக் காட்டு நிலமும் கொக்கோத் தோட்டமாக மாற்றப்படாது. வாங்கும் கொக்கோ எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பது கண்டறியப்படும். இருக்கும் நிலத்திலேயே விளைச்சல் பெருக்கப்படும். தோட்டங்களில் நிழல்மரங்கள் மீண்டும் வளர்க்கப்படும். இவை அதன் முதன்மையான உறுதிமொழிகள். சட்டத்தையும் நிலத்தையும் ஆள்வது அரசு. பணமும் சந்தையும் நிறுவனங்களின் கையில் உள்ளன. ஒன்றால் இயலாததை மற்றொன்று செய்யும் என்பதே இக்கூட்டாண்மையின் அடிப்படை.

இதனை வெற்றுக் காகிதம் என ஒதுக்குவது நேர்மையாகாது. சந்தையில் ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் நிறுவனங்கள், ஒரே மேசையில் அமர்ந்து ஒரே விதிக்கு உடன்பட்டன. பல இலட்சம் தோட்டங்களின் எல்லைகள் செயற்கைக்கோள் துணையுடன் அளந்து வரையப்பட்டுள்ளன. நிழல்மரக் கன்றுகள் பெருமளவில் வழங்கப்பட்டுள்ளன. இதற்கு முன்னர் அரசு கையாண்ட வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2016இல் ஐவரி கோஸ்ட்டின் மோன் பெக்கோ தேசியப் பூங்காவுக்குள் குடியேறிப் பயிர்செய்துவந்த பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் சுற்றியுள்ள ஊர்களில் தஞ்சம் புக, அவ்வூர்களில் உணவுக்கும் உறைவிடத்துக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. காக்கப்பட்டது காடாயினும், துரத்தப்பட்டவர் மீண்டும் எங்கேனும் ஒரு காட்டைத்தானே நாடுவர்?

ஆயினும், அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்டவர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. அரசு ஒப்பமிட்டது. நிறுவனங்கள் ஒப்பமிட்டன. வெட்டுக்கத்தியைக் கையில் வைத்திருப்பவர், வெட்டுவதா விடுவதா என்று நாள்தோறும் முடிவெடுப்பவர், ஒப்பமிடவில்லை. உழவரைப் பற்றி அதில் நிறையவே பேசப்படுகிறது. பயிற்சி பெறுபவராக, கன்று பெறுபவராக, அளந்து பதியப்படுபவராக அவர் அதில் இடம்பெறுகிறார். தன் நிபந்தனையை முன்வைக்கும் தரப்பாக அவர் இல்லை.

இக்குறையின் விளைவைக் கொள்முதலில் காணலாம். ஐவரி கோஸ்ட்டின் உட்பகுதிகளில் ‘பிஸ்தேர்’ எனப்படும் தரகர்கள் ஊர்தோறும் சென்று கொக்கோவை வாங்குகின்றனர். அவர்கள் வழியே, சொந்த நிலத்தில் விளைந்ததும் காப்புக்காட்டில் களவாக விளைந்ததும் ஒரே சாக்கு மூட்டையில் கலந்துவிடுகின்றன. துறைமுகத்தை அடைந்தபின் எந்தச் செயற்கைக்கோளாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது. நேர்மையாக விளைவித்தவருக்கும் காட்டை அழித்தவருக்கும் ஒரே விலை கிடைக்கும்போது, நேர்மை அவருக்கு இழப்பாகவே முடிகிறது.

மரம் யாருக்குச் சொந்தம்?

கானாவின் நிலை இன்னும் நுட்பமானது. அந்நாட்டில் இயற்கையாக முளைத்த வன்மரம், உழவரின் சொந்த நிலத்திலேயே நின்றாலும், அவருக்கு உரியதன்று. மக்களின் சார்பில் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் அது உள்ளது என்பது சட்டம். அரசிடம் உரிமம் பெற்ற மரவணிகர் வந்து அதனை வெட்டலாம். நூறடி உயர மரம் ஒன்று தோட்டத்தின் நடுவே சாயும்போது, அதனடியில் பல கொக்கோ மரங்கள் நசுங்கும். இழப்பீடு கிடைப்பின், அது அரிதாகவும் குறைவாகவுமே கிடைக்கும். இந்நிலையில் அறிவுள்ள உழவர் என்ன செய்வார்? தானே முளைத்த நற்கன்றை, அது மரமாகிப் பிறர் கண்ணில் படும் முன்னரே பிடுங்கி எறிவார். வளர்ந்துவிட்டதாயின், பட்டையைச் சுற்றிச் சீவியோ அடியில் தீ மூட்டியோ பட்டுப்போகச் செய்வார்.

கூட்டாண்மை ஒரு கையால் நிழல்மரக் கன்றை நீட்டுகிறது. பழைய சட்டமோ மறுகையால் அதன் பயனைப் பறிக்கிறது. நட்டு வளர்த்த மரம் நட்டவருக்கே உரியது என்று சட்டம் பின்னர் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால், அது நட்ட மரமா, தானாக முளைத்த மரமா என்பதை மெய்ப்பிக்கும் சுமை உழவரின் தலைமீது இருக்கிறது. ஆண்டறிக்கைகளில் எத்தனை கன்றுகள் வழங்கப்பட்டன என்பது பெரிய எழுத்தில் இடம்பெறுகிறது. பத்தாண்டுகளுக்குப் பின் எத்தனை நிற்கும் என்பதை முடிவு செய்வது அந்தச் சட்டமே.

இவ்வுண்மையைத் தமிழ்நாடும் தன் பட்டறிவால் உணர்ந்ததுண்டு. பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தனமரமும் நெடுங்காலம் அரசுக்கே உரியதாக இருந்தது. களவு போனால் வழக்கு. காவல் காத்தாலும் முழுப்பயன் இல்லை. ஆகவே சந்தனக் கன்றைக் கண்டதும் களைபோல் நீக்குவோர் பலராயினர். கருநாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டங்களைத் திருத்தி, மரத்தின் உரிமையை நில உரிமையாளருக்கு வழங்கின. அதன்பின்னரே உழவர்கள் சந்தனத்தை விரும்பி நடத் தொடங்கினர். மண்ணும் மழையும் மாறவில்லை. உரிமை மட்டுமே மாறியது.

விலையும் வேலியும்

உழவருக்கு நல்ல விலை கிடைத்தால் காடு தானே பிழைக்கும் என்போர் உளர். அதில் பாதியே உண்மை. 2019இல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் கைகோத்து, ஒரு டன் கொக்கோவுக்கு 400 டாலர் கூடுதலாக வழங்கவேண்டும் என அறிவித்தன. 2020–21ஆம் பருவம் முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாங்குவோர் அதனை மறுக்கவில்லை. ஆனால், தரத்தின் பொருட்டு அதுவரை அளித்துவந்த வேறொரு கூடுதல் தொகையைக் குறைத்துக்கொண்டனர் என்று இரு அரசுகளும் குறைகூறின. காடு காப்பதில் ஒரே மேசையில் அமர்ந்தவர்கள், விலை பேசும்போது எதிரெதிரே அமர்ந்தனர்.

2024இல் நிலைமை தலைகீழாயிற்று. பருவம் தவறிய மழையாலும், மரத்தைப் பட்டுப்போகச் செய்யும் தண்டுவீக்க நச்சுயிரி நோயாலும் விளைச்சல் குறைந்தது. பல ஆண்டுகளாக ஏறத்தாழ 2,500 டாலராக இருந்த ஒரு டன் கொக்கோவின் உலக விலை 10,000 டாலரைத் தாண்டியது. எனினும் அவ்வுயர்வு உழவரின் கைக்கு உடனே வந்து சேரவில்லை. விளைச்சலில் பெரும்பகுதி முன்கூட்டியே விற்கப்பட, அரசு அதனடிப்படையில் பருவத் தொடக்கத்திலேயே கொள்முதல் விலையை வரையறுத்துவிடுவதே அங்குள்ள முறை. மறுபுறம், உயர்ந்த விலை புதிய தோட்டங்களுக்கான ஆசையையும் தூண்டியது. கொக்கோ உழவர்கள் எல்லை கடந்து லைபீரியாவின் காடுகளை நோக்கி நகர்கின்றனர். விலை குறைந்தால் வறுமை காட்டை வெட்டுகிறது. விலை கூடினால் வாய்ப்பு காட்டை வெட்டுகிறது. வேலியில்லாத விலையும் விலையில்லாத வேலியும் தனித்தனியே பயன் தருவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம் ஒரு வேலியை எழுப்ப முனைகிறது. 2020 டிசம்பர் 31ஆம் நாளுக்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கொக்கோ, காப்பி, ரப்பர் முதலியன ஐரோப்பியச் சந்தையில் நுழையக் கூடாது என்கிறது அச்சட்டம். அது நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்டது வேறு செய்தி. இங்குக் கருதத்தக்கது, மெய்ப்பிப்பதற்கு வேண்டிய செலவை யார் ஏற்பது என்பதே. சங்கிலியின் மேல்முனையில் உள்ளவர் அச்செலவைக் கீழே தள்ளிவிட்டால், அது இறுதியில் உழவரின் விலையிலிருந்தே கழிக்கப்படும்.

ஐவரி கோஸ்ட் 2014இல் இயற்றிய வனச்சட்டம், நிலத்தில் நிற்கும் மரத்தை நில உரிமையாளருக்கே உரியதாக்கியது. கானா எட்டாத தொலைவை அது எட்டிவிட்டதாகவே தோன்றும். ஆனால், அந்நாட்டு ஊர்ப்புறங்களில் நிலச்சான்று உடைய உழவர் மிகச் சிலரே. நிலம் தமதே என்று காட்ட இயலாதவர் மரம் தமது என்று எங்ஙனம் காட்டுவர்? சான்று பெறுவதற்கு நிலத்தை அளந்து வரைபடம் ஆயத்தம் செய்தல் வேண்டும். அதற்கான கட்டணம் சிறு உழவரால் தாங்கத்தக்கதன்று.

நிறுவனங்களின் ஆட்கள் அதே நிலத்தின் எல்லையைக் கருவி கொண்டு அளந்து, வரைபடமாக்கித் தம் கணினியில் சேர்த்து வைத்துள்ளனர். கொக்கோவின் பிறப்பிடத்தை வாங்குவோருக்கு மெய்ப்பிக்க அவ்வரைபடம் பயன்படுகிறது. அதே அளவைப் பணியைச் சட்டத்துக்கு ஏற்ற முறையில் செய்து, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் எல்லையை உறுதிசெய்தால், அதுவே உழவரின் நிலச்சான்றுக்கு அடிப்படையாகும். ஐவரி கோஸ்ட்டின் சில பகுதிகளில் அரசும் நிறுவனங்களும் இணைந்து உழவருக்கு நிலச்சான்று பெற்றுத்தரும் பணியைச் சிறிய அளவில் தொடங்கியுள்ளன. கன்று வழங்குவதற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி அப்பணிக்குச் செல்லவேண்டும். சான்று கைக்கு வந்த உழவர், அடுத்த உடன்படிக்கை எழுதப்படும்போது அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; எழுதுவோர் அவருடைய கையொப்பத்தைக் கேட்டு அவர் ஊருக்கு வரவேண்டியிருக்கும்.