பட்டறைக்குப் போவது தண்டனையா?



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கத்தான் போவாய்!"

நம் இல்லங்களிலும், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சில வகுப்பறைகளிலும் இவ்வாக்கியம் இன்றும் ஒலிக்கிறது. பிள்ளையைத் திருத்தும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆயினும் இதற்குள் இரண்டு பிழையான எண்ணங்கள் ஒளிந்துள்ளன. படிப்பு வேறு, பட்டறை வேறு என்பது ஒன்று. கைத்தொழில் தோற்றவர்களுக்கு உரியது என்பது மற்றொன்று. இவை பிழை என்பதற்கு, நம்மில் பலருடைய வீட்டு வாசலில் நிற்கும் பழைய மகிழுந்தையே சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அறிமுகமானது. பெரோடுவா கஞ்சில் 1994 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்டது. அந்தக் காலத்து வண்டிகள் பல இன்னும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நான்கு பருவ நாடுகளில் குளிர்காலத்தில் மகிழுந்தின் குளிரூட்டிக்கு ஓரளவு ஓய்வு கிடைக்கும். நம் நாட்டில் அதற்கு விடுமுறையே இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் அது படும் பாட்டை நாம் அறிவோம். ஆகவே, பழைய வண்டியின் முன்புறத்திலிருந்து ஒரு நாள் 'கிரீச்' என்றோ 'கடகட' என்றோ சத்தம் எழுந்தால் வியப்பில்லை.

அப்பொழுது பலர் கேட்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "கம்ப்ரெசர் போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்." சில வேளைகளில் அது சரியான தீர்ப்பே. ஆனால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே அத்தீர்ப்பு வழங்கப்படுவதும் உண்டு. மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்துக்கு அது பெருஞ்செலவு. நல்ல போர்மேன் அவ்வாறு தீர்ப்பளிப்பதில்லை. அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

கம்ப்ரெசரின் முன்பகுதியில் ஒரு கப்பி உள்ளது. இயந்திரம் ஓடும்வரை பெல்ட் அந்தக் கப்பியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். குளிரூட்டியை அணைத்திருந்தாலும் கப்பி ஒரு பேரிங்கின்மேல் சுழலும். கம்ப்ரெசரின் உள்தண்டு மட்டும் சும்மா இருக்கும். குளிரூட்டியைப் போட்டதும் கப்பிக்குப் பின்னால் உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்கிறது. சுருள் மின்காந்தமாகிறது. அது கப்பிக்கு முன்னால் உள்ள இரும்புத் தட்டை 'டக்' என்று இழுத்துக் கப்பியோடு ஒட்ட வைக்கிறது. தட்டு சுழல, தண்டும் சுழல்கிறது, குளிர் பிறக்கிறது. இந்த அமைப்பே கிளட்ச். 1824இல் வில்லியம் ஸ்டர்ஜன் உருவாக்கிய மின்காந்தத்தின் தத்துவம்தான் இங்கும் வேலை செய்கிறது. ஆணியில் கம்பியைச் சுற்றி, மின்கலத்தோடு இணைத்து, குண்டூசிகளை இழுக்கச் செய்யும் எளிய சோதனைக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை.

இனி, சத்தத்தைப் பிரித்தறியும் முறையைப் பாருங்கள். போர்மேன் முதலில் கேட்பது, "எப்பொழுது சத்தம் வருகிறது?" என்பதே.

குளிரூட்டியை அணைத்த நிலையிலேயே இடைவிடாத இரைச்சல் கேட்டால், ஐயம் கப்பியின் பேரிங்கின் மேல் விழும். குளிரூட்டியைப் போட்டதும் அவ்விரைச்சலின் தன்மை சற்று மாறலாம். ஆனால், அதே பெல்ட் சுழற்றும் வேறு கப்பிகளிலும் பேரிங் உண்டு. ஆகவே அவர் இயந்திரத்தை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்க்கிறார். கரகரப்பும் ஆட்டமும் எதில் உள்ளனவோ அதுவே குற்றவாளி.

அணைத்த நிலையில் தகடு உரசுவதுபோல் அல்லது கலகலவெனச் சத்தம் வந்தால், முன் தட்டின் வில்தகடோ ரப்பரோ தேய்ந்திருக்கலாம். தட்டுக்கும் கப்பிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்திருக்கலாம்.

குளிரூட்டியைப் போடும் அந்தக் கணத்தில் மட்டும் 'கிரீச்' என்றால், பெல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது தட்டு கப்பியைக் கெட்டியாகப் பற்ற முடியாமல் வழுக்கலாம். இடைவெளி கூடியிருத்தல், எண்ணெய் படிந்திருத்தல், சுருளுக்குப் போதிய மின்சாரம் வராமை ஆகியவை அதற்குக் காரணங்கள்.

'டக், டக்' என்று கிளட்ச் அடிக்கடி ஒட்டியும் விலகியும் நின்றால், கிளட்ச் பழுது என்று சொல்லிவிட முடியாது. வாயு குறைந்து, அழுத்தத்தைக் கண்காணிக்கும் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குளிரூட்டி ஓடும்போது மட்டும் உள்ளிருந்து கனத்த இடிச்சத்தம் தொடர்ந்து வந்தால், முதலில் தாங்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்த்துவிட்டுத்தான் கம்ப்ரெசரையே ஐயப்பட வேண்டும்.

அடுத்து அளவெடுத்தல். தட்டுக்கும் கப்பிக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். மெல்லிய அளவுத்தகடுகளை உள்ளே விட்டு அதை அளப்பார்கள். கூடினாலோ குறைந்தாலோ, மெல்லிய வளையங்களை எடுத்தும் சேர்த்தும் சரிசெய்வார்கள். சுருளின் மின்தடையையும் மீட்டரில் பார்ப்பார்கள். மின்தடை 4 ஓம், மின்கலம் 12 வோல்ட் என்றால், பாயும் மின்சாரம் 3 ஆம்பியர். ஓம் விதி பாடநூலோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பேரிங்கோ தட்டோ சுருளோதான் பழுது என்று உறுதியானால், பல வண்டிகளில் வாயுவைத் திறந்துவிடாமலேயே அதை மட்டும் மாற்றலாம். அதன் உதிரிபாகம் தனியாகக் கிடைக்காவிட்டாலோ, கம்ப்ரெசரின் உள்ளுறுப்புகள் தேய்ந்து உலோகத்தூள் பரவியிருந்தாலோ, முழுவதையும் மாற்றச் சொல்வது நியாயமே. பெற்றோர்களுக்கு ஒரு சொல்: இயந்திரம் ஓடும்போது பெல்ட்டின் அருகே கையையோ சேலைத் தலைப்பையோ கொண்டுபோகாதீர்கள், வாயுக் குழாய்களை நீங்களாகக் கழற்றாதீர்கள். சத்தம் எப்பொழுது வருகிறது என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள். "பேரிங்கா, கம்ப்ரெசரா? பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். அக்கேள்வியே உங்கள் பணத்துக்குப் பாதிக் காவல்.

ஆசிரியர்களே, மேலே நடந்தவற்றிற்கு நம் பாடத்திட்டத்தில் பெயர்கள் உள்ளனவே! உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல். அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று நாம் கரும்பலகையில் எழுதுவதைத்தான் அந்தப் போர்மேன் எண்ணெய்க் கையோடு செய்துகொண்டிருக்கிறார். அவரைக் காட்டி, "படிக்காவிட்டால் இப்படி ஆவாய்" என்று சொல்வது அவருக்கு இழுக்கு மட்டுமன்று, நாம் கற்பிக்கும் அறிவியலுக்கும் இழுக்கு.

இத்தொழில் நமக்குப் புதிதும் அன்று. செந்தூல் இரயில் பட்டறையில் நம் முன்னோர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸின் பழைய குடியிருப்புகள் இரயில்வே ஊழியர்களால் நிறைந்திருந்தன. இரும்பின் ஓசையைக் கேட்டே பழுதை உணர்ந்தவர்கள் அவர்களுள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. அந்தச் செவியறிவை நாம் பெருமையோடு பேசுவதில்லை.

பெற்றோர்களின் அச்சத்தையும் நான் உணர்கிறேன். தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் உழைத்தவர்கள், தம் பிள்ளையின் கையில் அழுக்குப் படக்கூடாது என்று விரும்பினார்கள். அவ்விருப்பம் போற்றத்தக்கது. பயிற்சியும் சான்றிதழும் இல்லாமல் பட்டறையில் சேரும் இளைஞன் குறைந்த கூலியில் பல்லாண்டு கிடப்பதும் உண்மையே. ஆனால், அதற்குத் தீர்வு தொழிலை இகழ்வதன்று. தொழிலை முறையாகப் பயிலச் செய்வதே. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உள்ளன. தொழிற்கல்லூரிகளும் உள்ளன. இவ்வழியைக் கடைசிப் புகலிடமாகக் காட்டாமல், படிவம் மூன்றிலேயே ஒரு நல்ல தெரிவாகப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

காலமும் மாறிவருகிறது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்மகிழுந்தான இ.மாஸ் 7ஐ அறிமுகப்படுத்தியது. மின்மகிழுந்தின் கம்ப்ரெசரைப் பெல்ட் சுழற்றுவதில்லை. உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் மோட்டார் சுழற்றுகிறது. அங்கே ஊகத்தில் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. நாளைய பட்டறைக்கு இன்றையதைவிடக் கூடுதலான படிப்பு வேண்டும். படிக்காதவன் போகும் இடம் என்று நாம் சொல்லும் அவ்விடத்தில், படிக்காதவனுக்கு இனி இடமே இருக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மின்காந்தப் பாடம் நடத்தும்போது, பழைய கிளட்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி வகுப்பில் வையுங்கள். பட்டறைகளில் அது பழைய இரும்பாகத்தான் கிடக்கும். பள்ளியின் தொழில் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு மருத்துவரையும் வழக்கறிஞரையும் அழைக்கும்போது, திறமையான போர்மேன் ஒருவரையும் அதே மேடைக்கு அழையுங்கள். மாணவர்களுள் அவருடைய பிள்ளையும் இருக்கக்கூடும். அன்று அப்பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மூன்றாவதாக, அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால், இப்படிச் சொல்லுங்கள்:

"நன்றாகப் படி, அப்பொழுதுதான் நல்ல பட்டறையில் உனக்கு இடம் கிடைக்கும்."