வலிக்கு அளவுகோல் உண்டோ?

"சாமி, அம்மாச்சிக்கு உண்மையிலேயே வலிக்கிறதா, அல்லது நாங்கள் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று அப்படிச் சொல்லுகிறார்களா?" நோயுற்றோரைக் காணச் செல்லும் இல்லங்களில், அறைக்கு வெளியே, தணிந்த குரலில் நம்மிடம் கேட்கப்படும் வினா இது. கேட்பவர்கள் கொடியவர் அல்லர், களைத்தவர்கள். காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்திற்குக் கருவி உண்டு. வலிக்கும் ஒன்று இருந்தால் இந்த ஐயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் அன்றோ? அறிவியலாரும் அவ்வாறே எண்ணி, நூறாண்டுகளுக்கு மேலாக முயன்று வருகின்றனர்.

தொடு உணர்வை அளப்பதில் அவர்கள் நல்ல வெற்றி கண்டனர். ஜெர்மானிய உடலியல் அறிஞர் வான் ஃபிரே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பலவகைத் தடிப்புள்ள மயிர்களைச் சிறு குச்சிகளில் பொருத்தித் தோலின்மேல் அழுத்திப் பார்த்தார். மயிர் வளையத் தொடங்கியபின், மேலும் அழுத்தினாலும் தோலின்மேல் விழும் விசை ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே மருத்துவரின் கை கனத்த கையா, இலேசான கையா என்ற பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு எளிய கருவி! 1960இல் அமெரிக்க ஆய்வாளர் செம்ஸ், வைன்ஸ்டைன் ஆகிய இருவர் மயிருக்குப் பதிலாக நைலான் இழைகளைப் பயன்படுத்தினர். அவ்வகை இழைகளுள், 10 கிராம் விசையில் வளையும் ஒன்றே இன்று நீரிழிவு நோயாளரின் பாதத்தைச் சோதிக்கப் பயன்படுகிறது. நோயாளி கண்களை மூடிக்கொள்வார். இழை படும்போது "படுகிறது" என்று சொல்லவேண்டும். அவர் வாய் திறவாவிடில், முள் குத்தினாலும் செருப்புக் கடித்தாலும் அறியாத பாதம் அது என்று மருத்துவர் எச்சரிக்கை கொள்வார். வலி அற்றுப்போவது எத்துணைக் கேடு என்பதை, 1946 முதல் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளரிடம் கண்டார். அவர்களின் விரல்கள் தாமாகவே அழுகி விழுவதில்லை. சூட்டையும் காயத்தையும் உணராத கை மேலும் மேலும் புண்பட்டே அழிகின்றது.

வலியை அளப்பதோ வேறு கதை. 1940இல் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், கூடெல் என்ற மூவர் தங்கள் நெற்றியிலேயே கருமை பூசி, விளக்கின் வெப்பத்தை அதன்மேல் குவித்து, எந்த அளவில் வலி பிறக்கிறது என்று கணக்கிட்டனர். துணிக்கு முழம்போல வலிக்கு 'டால்' என்று ஓர் அலகும் பின்னர் வகுத்தனர். பிற ஆய்வாளர் பலருக்கு அதே எண்கள் கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில், இத்தாலியப் போர்முனையில் கடுங்காயமுற்ற 200க்கும் மேற்பட்ட வீரரை மயக்க மருத்துவர் பீச்சர் வினவியபோது, அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வலி நீக்கும் மருந்து வேண்டாம் என்றனர். 1946இல் இதனை அவர் வெளியிட்டார். போர்க்களத்தை விட்டு உயிரோடு மீண்டோம் என்ற ஆறுதல் வலியையே மாற்றிவிட்டது என்பது அவர் கருத்து. காயத்தின் அளவு வலியின் அளவன்று.

இன்றைய ஆய்வுக்கூடக் கருவிகள் மிகவும் நுட்பமானவை. 2006இல் ஜெர்மானிய ஆய்வுக் குழுவொன்று வெளியிட்ட முறையில் 13 அளவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், தோலின்மேல் வைத்த தகடு 32 பாகை செல்சியஸிலிருந்து மெல்லச் சூடேறும். தீங்கு நேராதபடி 50 பாகையில் நின்றுவிடும். வலி தொடங்கியதும் நோயாளி பொத்தானை அழுத்துவார். வந்த எண்ணை அதே வயதும் பாலும் உடைய நலமுள்ளோரின் எண்களோடு ஒப்பிடுவர். எந்த நரம்பு பழுதுற்றது, புதிய மருந்து எவருக்குப் பயன்படும் என்று ஆராய இது பெரிதும் உதவுகின்றது. ஆயினும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பொத்தானை அழுத்துகிறவர் நோயாளியே. அத்தனை பொறிகளும் சூழ்ந்திருக்க, அளவு பிறப்பது அவர் விரலிலிருந்துதான். அவரை விலக்கிவிட்டு வலியை அளக்கும் பொறி நம்மிடம் இல்லை.

வலி பற்றி ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வது மதிக்கப்படவேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. பேச இயலாதவருக்கு வலி இல்லை என்று எண்ணலாகாது என்றும் அது கூறுகின்றது. முதுமையில் நினைவு மங்கியவரைப் பேணும் குடும்பங்கள் இதனை மனத்தில் இருத்தவேண்டும். முகச்சுளிப்பும், தொட்டால் ஒதுங்குவதும் அவர்களுக்குப் பேச்சாகும்.

மருத்துவரிடம் செல்லும்போது "வலி" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டா. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், மதமதப்பு என்று எத்தனை சொற்கள் நமக்கு உண்டு! எரிச்சலும் மதமதப்பும் நரம்பின் பழுதை மருத்துவருக்கு உணர்த்தக்கூடும். அம்மாச்சி எந்தச் சொல்லைச் சொன்னார்களோ, அதையே மாற்றாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர் பாதத்தில் அந்த இழையை வைத்துப் பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள்.