நீளக் கிழங்கு யாருக்குச் சொந்தம்?

லாங் ஐலண்டில் தென்னை உண்டு, பாக்கு உண்டு, வாழை உண்டு. உருளைக்கிழங்குக்கு மட்டும் அந்த அந்தமான் தீவின் இரவு ஒத்துவராது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் செடி மண்ணுக்கடியில் நன்றாகக் கிழங்கு வைக்கும். வங்கக் கடல் நடுவே தை மாதத்தில்கூட அப்படிக் குளிர்வது அபூர்வம். அதனால் பூரி மசாலாவுக்கான கிழங்கு கப்பலேறி, படகேறித்தான் தீவுக்கு வர வேண்டும்.

வந்து இறங்கும் கிழங்கு எந்த ரகம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வெந்தால் சரி. ஆனால் நகரத்து உணவகங்களில் காகிதக் கூட்டில் வைத்துத் தரும் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் சமாசாரம் வேறு. அங்கே ரகம்தான் எல்லாமே.

முதலில் கிழங்கு நீளமாக இருக்க வேண்டும். உருண்டைக் கிழங்கை வெட்டினால் துண்டு குட்டையாகும், கழிவு அதிகமாகும். இரண்டாவது, தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். கிழங்கின் எடையில் 20 சதவீதமாவது திடப்பொருள் இருந்தால்தான் வறுவல் மொறுமொறுக்கும். இல்லாவிட்டால் எண்ணெய் குடித்துத் துவண்டுவிடும். மூன்றாவது, சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் எண்ணெயில் போட்டதும் கருத்துக் கசக்கும். சாதாரணக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் வைக்கும்போது கிழங்கில் இருக்கும் மாவே சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும். அதனால் வறுவல் கிழங்கைச் சற்று மிதமான குளிரில், முளை விடாமல் பார்த்துக்கொண்டு வைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது ரஸ்ஸட் பர்பேங்க். ஆனால் அது முதிர நான்கு மாதத்துக்கு மேல் பிடிக்கும். வட இந்தியாவின் குறுகிய குளிர்காலம் அதற்குப் போதாது. 1996ல் மெக்டொனால்ட்ஸ் டில்லியில் கடை திறந்தபோது இங்கே கிழங்குக்குப் பஞ்சமில்லை. ஃப்ரைஸுக்கு ஏற்ற கிழங்குக்குத்தான் பஞ்சம். தொடக்க ஆண்டுகளில் ஃப்ரைஸ் உறைநிலையில் வெளிநாட்டிலிருந்து வந்தது.

சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998ல் குஃப்ரி சிப்சோனா ரகங்களை வெளியிட்டது. அவை சிப்ஸுக்கு. ஃப்ரைஸுக்கென்றே நீளக் கிழங்காக குஃப்ரி ஃப்ரைசோனா 2009ல் வந்தது. இதற்கிடையே கனடாவின் மெக்கெய்ன் நிறுவனம் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் ஆலை அமைத்து, சான்டானா போன்ற வெளிநாட்டு ரகங்களை ஒப்பந்த முறையில் பயிரிட வைத்தது. வட குஜராத்தின் மணல் கலந்த மண்ணும் குளிர்ந்த இரவும் சொட்டு நீரும் கைகொடுத்தன. ஃப்ரைஸை இறக்குமதி செய்த நாடு இன்று ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கும் மேல் ஏற்றுமதி செய்கிறது.

விவசாயிக்கும் இதில் ஆதாயம் உண்டு. விலை முன்கூட்டியே பேசப்படுவதால் சந்தை சரிந்தாலும் தலையில் துண்டு போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு முடிச்சும் இருக்கிறது. உருளைக்கிழங்கில் உணவும் விதையும் ஒன்றே. அறுவடையில் நான்கு மூட்டையை ஒதுக்கி வைத்தால் அதுவே அடுத்த ஆண்டின் விதை. அந்த நான்கு மூட்டை யாருடையது?

ஃப்ரைஸின் உடன்பிறப்பான சிப்ஸில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. எஃப்.சி.5 என்ற சிப்ஸ் ரகத்தை 2016ல் பதிவு செய்திருந்த பெப்சிகோ நிறுவனம், அதை அனுமதியின்றிப் பயிரிட்டதாக 2019ல் குஜராத்தின் சபர்காந்தா மாவட்ட விவசாயிகள் நால்வர் மீது தலா 1 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுவதும் கண்டனம் கிளம்பவே, மே மாதம் வழக்குகள் வாபஸாயின. 2021 டிசம்பரில் ரகப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பதிவையே ரத்து செய்தது. 2023ல் டில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ஏற்றார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ரத்தை ரத்து செய்து, பதிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

பதிவு நிறுவனத்திடம் இருந்தாலும் விவசாயியின் கை கட்டப்பட்டதாகிவிடாது. 2001ம் ஆண்டுச் சட்டம், பதிவான ரகமானாலும் விளைச்சலைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் அவருக்கு உரிமை தருகிறது. பிராண்ட் பெயர் போட்ட விதையாக மட்டும் விற்கக் கூடாது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கோடி ரூபாய் நோட்டீஸ் கதவைத் தட்டும்போது அதை எடுத்துக் காட்ட எத்தனை சிறு விவசாயிகளால் முடியும்? ஃப்ரைசோனா போன்ற பொதுத்துறை ரகங்கள் தாராளமாகக் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய பக்கபலம்.

ரஸ்ஸட் பர்பேங்கின் தாய் ரகத்தைக் கண்டெடுத்தவர் லூதர் பர்பேங்க் என்ற இளைஞர். 1875 வாக்கில் அதை விதை வியாபாரி ஒருவரிடம் 150 டாலருக்கு விற்றுவிட்டார். பின்னர் 1930ல் அமெரிக்கா செடிகளுக்குக் காப்புரிமை தந்தபோது, கிழங்கிலிருந்து முளைக்கும் பயிர்களைச் சட்டத்திலிருந்து விலக்கியது. தட்டில் கிடப்பதும் வயலில் நடுவதும் ஒரே பொருள் என்பது அன்றைக்கே புரிந்திருந்தது. குஜராத்தின் நான்கு விவசாயிகள் அதை வக்கீல் வைத்து நிரூபிக்க வேண்டி வந்தது.